கறுப்புத் துணிக்குள்

துரை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் மாயாண்டி இடுப்பிலிருந்து பாராங் கத்தியை உருவினான்.

துணிக்குக் கீழே ஐந்து கால்கள் தெரிந்தன. மூன்று, கேமராவைத் தாங்கும் மரக்கால்கள். இரண்டு, பூட்ஸ் போட்ட துரையின் கால்கள். அந்த வலது பூட்ஸை மாயாண்டிக்கு நன்றாகத் தெரியும். அதன் ஆணித்தடம் அவன் விலாவில் இன்னும் ஆறவில்லை.

ஒரு மாதமாகத் துரைக்கு மலைப் பைத்தியம். சனிக்கிழமை மதியம் ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்ததும் ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாரி புறப்படும். லேடாங் மலை அடிவாரம் வரைதான் லாரி. அதற்கு மேல் ஆட்கள். கூடாரம், படுக்கை, பிஸ்கட் டின், படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய பெட்டி, எல்லாம் மூன்று பேர் முதுகில் ஏறும். மாயாண்டி, அவன் தம்பி சுப்பன், ராமையா.

முதல் வாரம் மாயாண்டி வழுக்கி விழுந்தான். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி உடைந்தது. துரை அவனை எழுந்திருக்க விடாமல் மிதித்தார்.

இரண்டாம் வாரம் விடிய விடிய மழை. கூடாரத்துக்குள் துரையும் கண்ணாடிப் பெட்டியும் படுத்தார்கள். ஆட்கள் மரத்தடியில் அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அந்த ஈரத்தில் மாயாண்டிக்குக் காய்ச்சல் கண்டது.

மூன்றாம் வாரம் அவன் கூலி லயத்தில் கம்பளிக்குள் கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுப்பனைக் கூடாரத் துணியில் சுற்றி, கொம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள். மாயாண்டி திறந்தான். முகம் என்று ஒன்று இல்லை.

கால் வழுக்கி விழுந்தான் என்று ஆபீஸ் கிராணி எழுதிக்கொண்டார்.

ராமையாதான் மாயாண்டியை லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னான். படத்தில் மலையின் உயரம் தெரிய வேண்டும் என்று சுப்பனைப் பாறை விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் போகச் சொல்லித் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. போனான்.

சொல்லி முடிப்பதற்குள் ராமையா இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

இந்தச் சனிக்கிழமை மாயாண்டி கூப்பிடாமலே லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

"காச்சக்காரன் ஒனக்கு எதுக்குடா மலை? எறங்குலா. ஒன் சுமையையும் நானே தூக்கிக்கிறேன்" என்றான் ராமையா.

"சுப்பன் நின்ன எடத்தப் பாக்கணும்ண்ணே."

வழியெல்லாம் ராமையாவின் முகம் செத்துப்போயிருந்தது.

துரை இந்த வாரம் ஏசவில்லை. யாரையும் அடிக்கவில்லை. அதே பாறைக்கு முன்னால் கேமராவை நிறுத்தினார். யாரையும் விளிம்பில் நிற்கச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுத் துணிக்குள் போனார். குற்றமுள்ள மனசு அப்படித்தான் இருக்கும் என்று மாயாண்டி நினைத்துக்கொண்டான்.

கீழே காடு. காட்டுக்கு அப்பால் மலாக்காக் கடல் தகரத் துண்டு மாதிரி கிடந்தது. ராமையா ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். வெள்ளைக்காரனை வெட்டினால் தூக்குத்தான். அதை மாயாண்டி ஒரு வாரமாக யோசித்து முடித்திருந்தான்.

கழுத்து எங்கே இருக்கும் என்று துணிக்கு மேலேயே குறிபார்த்து வெட்டினான்.

குறி கொஞ்சம் தவறியது. கத்தி துணியோடு சேர்ந்து தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. துரை கத்தவில்லை. கேமராவைக் கட்டிப் பிடித்தபடி அதோடு சேர்ந்து சாய்ந்தார். கண்ணாடி நொறுங்கியது. மாயாண்டி அவர் இடுப்பில் காலை ஊன்றி மிதித்துக் கத்தியை இழுத்தெடுத்தான். முகத்தை மூடியிருந்த துணி மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது.

இரண்டாவது வெட்டுக்குக் கையை ஓங்கினான்.

"பின்னாலே போ, மேன். இன்னும் பின்னாலே."

துரையின் குரல். அதே கரகரப்பு. அதே மொட்டைத் தமிழ்.

மாயாண்டி குனிந்து துணியைப் பார்த்தான். குரல் அங்கிருந்து வரவில்லை.

ஓடையிலிருந்து ஏறி வந்த ராமையா நான்கடி தள்ளி நின்றான். அவன் வாளி உருண்டு போய்த் தண்ணீர் பாறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்படித்தான்டா சொன்னேன்" என்றான் ராமையா, இப்போது தன் குரலில். "சும்மா வெளையாட்டுக்குடா. மேகம் வெலகட்டும்னு தொரை ஓடையில குளிக்கப் போயிருந்தாரு. சுப்பனுக்கு அது தெரியாது. நான் துணிக்குள்ள பூந்துக்கிட்டேன். கண்டுபிடிச்சிச் சிரிப்பான்னு பாத்தேன். அவன் சலாம் வச்சிட்டுப் பின்னால போயிட்டான்."

மாயாண்டியின் கை ஓங்கியபடியே நின்றது. ராமையா நகரவில்லை. வெட்டிக்கொள் என்பது போலக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

துணி உப்பியது. அடங்கியது.

மாயாண்டி கத்தியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். கறுப்புத் துணியை உருவிச் சுருட்டி, வெட்டுவாயில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினான். விரலிடுக்கெல்லாம் சூடாக வந்துகொண்டே இருந்தது. துரை கண்ணைத் திறந்து, யார் அமுக்குவது என்று பார்த்தார்.

"தண்ணி கொண்டாண்ணே" என்றான் மாயாண்டி. "ஓடுண்ணே."

ராமையா ஓடினான். வாளியை எடுக்கவில்லை.