நீங்க முதல்ல போங்க

“நீங்க முதல்ல போங்கம்மா, கையில குழந்தை இருக்கு. நாங்க நிக்கிறோம்.”

கண்ணாடி போட்ட அந்த மனிதர் இப்படி வழிவிடுவது இது நாலாவது தடவை. வரிசையை ஒழுங்குபடுத்தும் டோக்கன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்ததிலிருந்து போய்ச் சேரும்வரை மனிதனுக்கு ஆகவேண்டிய காகிதங்களுக்கெல்லாம் அந்த அலுவலகத்தில் ஒரே ஜன்னல்தான். அதன் முன்னால் நடக்கும் தள்ளுமுள்ளைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து, டோக்கன்காரருக்கு மனுஷ ஜாதி மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. ‘ஒரு நிமிஷ வேலைதான்’ என்று நுழைகிறவர்கள், ‘உள்ளே என் மச்சான் இருக்கார்’ என்று அளக்கிறவர்கள், பையை வரிசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறவர்கள். வந்த முறையை விட்டுக்கொடுக்கிற ஒருவரை இன்றுதான் பார்க்கிறார்.

“விட்டுக்கிட்டே இருங்க,” என்றாள் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரரின் மனைவி. மடியில் ஒரு பழுப்புக் கவர். “ஒரு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். இது உள்ள போகலேன்னா இத்தனை மாசம் அலைஞ்சதெல்லாம் வீண். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“தெரியும். குழந்தை அழுதுச்சு, பாவம்.”

“ஊருக்கெல்லாம் பாவம் பார்க்கத் தெரியுது. வீட்ல ஒரு நாளாவது ‘நீ முதல்ல சாப்பிடு’ன்னு சொல்லியிருக்கீங்களா? நான் ஏதாவது பேச ஆரம்பிச்சா, முழுசாப் பேசி முடிக்கத்தான் விட்டிருக்கீங்களா?”

“இல்ல,” என்றார் அவர் மெதுவாக. “விட்டிருக்கணும்.”

டோக்கன்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டிலும் தினமும் இதே பாட்டுதான். கவரின் கனத்தைப் பார்த்தால் ஏதோ வீட்டுப் பத்திரமாக இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் காகிதத்தில் கண்ணை மேயவிடுவதைப் போல அசிங்கம் வேறில்லை என்பது அவர் கட்சி. இத்தனை வருஷத்தில் டோக்கன் நம்பரைத் தவிர யாருடைய காகிதத்திலும் ஓர் எழுத்தை அவர் படித்ததில்லை.

பன்னிரண்டரைக்கு ஊன்றுகோலோடு ஒரு முதியவர் வந்தார். “நீங்க போங்க ஐயா.” அப்புறம், சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்த ஒரு நர்ஸ். “போங்க சிஸ்டர், டியூட்டிக்குத் திரும்பணும்ல?”

இந்தத் தடவை மனைவி திட்டவில்லை. பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து இடம் பண்ணினாள்.

“நின்னது போதும், உக்காருங்க. ராத்திரி முழங்கால் வலிக்கும்.”

அவர் உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சட்டையெல்லாம் வண்ணத்தோடு ஒரு பெயிண்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். இந்தத் தடவை கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போங்க தம்பி,” என்றாள் பிறகு. “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

டோக்கன்காரர் அசந்துபோனார். கணவன்தான் இப்படியென்றால் மனைவியுமா! பெயிண்டர் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்ததும், உள்ளே அதிகாரி பேனாவை மூடி ஜன்னல் கதவில் கை வைத்தார். மணி ஒன்று. ஒன்றுக்கு மேல் சொந்த மாமனாரையே நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிய டோக்கன்காரர், ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“கொடுங்கம்மா அதை!” கிட்டத்தட்டப் பிடுங்கியேவிட்டார்.

“பரவாயில்லைங்க...” என்று கண்ணாடிக்காரர் பதறி எழுந்தார்.

“வேண்டாங்க, நாங்க...” என்றாள் அவள்.

“ரெண்டு பேரும் பேசக்கூடாது. உங்களை மாதிரி ஆளுங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?”

உள்ளே ஓடினார். “சார், ஒரே ஒரு கவர். எனக்காக.”

பத்தொன்பது வருஷத்தில் அவர் செய்த முதல் சிபாரிசு. அதிகாரிக்கு மறுக்க மனம் வரவில்லை. “ரெண்டு பேரும் வந்திருக்காங்கல்ல?” என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் முத்திரை குத்தினார்.

“முடிஞ்சுது!” டோக்கன்காரர் வெளியே வந்து ரசீதை அவள் கையில் கொடுத்தார். “முத்திரை விழுந்துடுச்சு. இனிமே அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது!”

அவள் ரசீதைப் பார்த்தாள். கணவனை ஒரு கணம் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்ததுபோல் இருந்தது.

“ரொம்ப நன்றிங்க,” என்று டோக்கன்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, வேகமாக வாசலைப் பார்த்து நடந்தாள். கண்ணாடிக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார், அம்மா தனியாப் போறாங்க? கூடப் போங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க. வேண்டாம்னு அவகிட்ட வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஜன்னல் மூடட்டும்னுதான் ஒவ்வொருத்தருக்கா வழி விட்டேன். கடைசியில அவளும் விட்டா. இன்னும் ஒரு நிமிஷம் நீங்க சும்மா இருந்திருந்தா, எங்க விவாகரத்து நடந்தே இருக்காது சார்.”