காதுக்குள் ஒரு பேர்

ஓட்டுச் சந்து வழியே விழும் வெயில் தொட்டில் சேலையில் ஆடுகிறது. அத்தைதான் காதில் பேரைக் கூப்பிட வேண்டும் என்று, தம்பி மகளைச் சௌந்திரத்தின் மடியில் கிடத்துகிறார்கள். "நர்மதா. பரமத்திப் பக்கம் ஒருத்தரு ஊட்லயும் இல்லாத பேருங்க. நானே ரோசன பண்ணி வெச்சது," என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் தம்பி பெண்டாட்டி கலாமணி. வடக்கே லாரியில் லோடு போன சௌந்திரத்தின் புருஷன், ஒரு பெரிய ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, தனக்குப் பிறக்கப்போகும் மகளுக்கென்று எடுத்துவந்த பேர் அது. மகள் பிறக்கவேயில்லை. துணி துவைக்கையில் ஒருநாள் சௌந்திரம்தான் அதை வாய்தவறிக் கலாமணியிடம் சொன்னாள். குழந்தையின் உதட்டோரம் சர்க்கரைத் தண்ணீர் மினுங்குகிறது. சௌந்திரம் அதன் பால் வாசத்தை இழுத்து முகர்கிறாள். பிஞ்சுக் காதை வெற்றிலையால் மறைத்துக்கொண்டு குனிகிறாள். "பொன்னாயி," என்று தன் ஆத்தாளின் பேரைச் சொல்கிறாள், மூச்சளவு சத்தத்தில். மூன்று தரமும் அதையேதான் சொல்கிறாள். "கூப்புட்டாச்சுங்களா நங்கையா?" என்று கேட்கிறாள் கலாமணி. "ஆச்சு சாமி," என்று சௌந்திரம் நிமிர்கிறாள். எல்லோரும் சர்க்கரைக்குக் கை நீட்டுகிறார்கள். நர்மதா இன்னும் அவள் வாய்க்குள்ளேயே இருக்கிறது.