உரியவர் வரும் வரை

"பார்த்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் கதவைத் திறந்தார்.

பார்த்துத்தான் வர வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டினால் நேரே கூடம். செருப்பு கழற்றி வைக்கவென்று தனியாக ஓர் இடம் கிடையாது. கதவுக்குப் பின்னால் செருப்பு, குடை, பை, தொப்பி எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது வந்தவளின் தொழில். இந்த வேலைக்கு அவளை ஏற்பாடு செய்தது பெரியவரின் மகள். அதுவும் வேறு ஊரிலிருந்து, போனிலேயே. போன வாரம் அப்பா அந்தக் குவியலில் கால் தடுக்கி விழுந்துவிட்டாராம். சாயங்காலத்துக்குள் அத்தனையையும் வாரிக் கொட்டிவிட்டு, அலமாரி வைத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் மகள் சொல்லியிருந்தாள்.

பெற்ற பெண் வந்தால் அரை நாளில் முடிகிற காரியம். இதற்கும் ஓர் ஆளை அனுப்புகிறாளே என்று அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட மகள்களால்தான் தன் பிழைப்பே ஓடுகிறது என்பதை அப்போது வசதியாக மறந்துவிட்டாள்.

கதவை ஒட்டி நாலடி அகலச் சுவர் காலியாக இருந்தது. கீழே ஓரடி ஆழத்தில் செருப்பு அலமாரி, அதன் மேலேயே உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ள ஒரு பலகை, சுவரில் கொக்கிகள், ஈரக் குடைக்கு ஒரு தட்டு. இப்படி அமைக்கலாம் என்று அளந்து பார்த்து அவரிடம் விளக்கினாள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா எதையும் வெளியே போடக் கூடாது" என்றார் பெரியவர்.

அவள் குவியலிலிருந்து குடைகளை மட்டும் உருவி எண்ணினாள். ஏழு இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஏழு குடையா சார்?"

"என்னுது ஒண்ணுதான்."

மற்றதெல்லாம் வந்தவர்கள் விட்டுப் போனவை. குழாய் ரிப்பேருக்கு வந்தவரின் குடை. சின்ன மச்சான் மறந்துவிட்டுப் போன தொப்பி. மேல்வீட்டில் குடியிருந்த குழந்தையின் ஒற்றை ஷூ. அவர்கள் வீடு மாறிப் போய் நாலு வருஷமாகிறது. அடியில் கிடந்த நீலச் சால்வை அவர் மகளுடையது. பெரியவர் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். எது யாருடையது, எந்த மாசம் வந்தது என்று தட்டுத் தடுமாறாமல் சொன்னார்.

"ஆள் தெரியுதில்ல சார்? ஒரு போன் போட்டு வந்து எடுத்துக்கச் சொல்லலாமே?"

பெரியவர் அவள் கையிலிருந்த குடையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"போன் போட்டா, அது பழசு சார், தூக்கிப் போட்டுடுங்கன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் அவங்க இந்தப் பக்கம் வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காது. நான் கேக்காத வரைக்கும், என்னைக்காவது வருவாங்கன்னு இருக்கலாம்ல?"

 அவள் துளை போடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

கொண்டு வந்திருந்த குப்பைப் பைகளை அவள் பிரிக்கவே இல்லை. அவருக்குக் கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு கொக்கி போதும். மேல் வரிசையில் கூடுதலாகப் பத்து அடித்தாள். பெரியவர் புதிதாகப் போட்ட பலகையில் உட்கார்ந்து அட்டைகளை வெட்டி, 'குழாய்க்காரர்', 'சின்ன மச்சான்', 'மேல்வீட்டுக் குட்டி' என்று பொடி எழுத்தில் எழுதிக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றிலும் கட்டி மாட்டினாள். வேலை முடிந்தபோது தரையில் ஒரு துரும்பு இல்லை. பெரியவர் அங்கேயும் இங்கேயும் நாலு தடவை நடந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

போட்டோ போன ஐந்தாவது நிமிஷம் மகள் கூப்பிட்டாள். தரை காலியாக இருக்கிறது, அது போதும் என்றாள். ஆனால் இவளுக்கு அது போதவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் நின்றபடி மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"உங்க சால்வையும் இங்கதான் தொங்குது மேடம். நீங்க எப்போ வருவீங்கன்னு உங்க அப்பா பார்த்துக்கிட்டு இருக்கார். கொக்கி அடிக்க என்னை அனுப்பலாம், சால்வையை எடுக்க நீங்கதான் வரணும்."

அந்தப் பக்கம் மகள் லீவு கிடைக்கவில்லை என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நறுக்கென்று கேட்டோமே என்று இவளுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

பஸ் வரத் தாமதமானது. நிறுத்தத்தில் நின்றபோது தன் அப்பா ஞாபகம் வந்தது. அம்மா போனபிறகு அவரும் தனியாகத்தான் இருக்கிறார், பஸ்ஸில் மூணு மணி நேரத் தூரத்தில். அவரைப் போய்ப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளும் அங்கே ஒன்றை மறந்துவிட்டு வந்தவள்தான். உடனே போன் போட்டாள்.

"அப்பா, போன தடவை வந்தப்போ என் பச்சை ஸ்வெட்டரை அங்கயே விட்டுட்டேன்ல? பத்திரமா வச்சிருங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்."



"அப்பவே உன்கிட்ட போன் பண்ணிக் கேட்டேனேம்மா. தூக்கிப் போட்டுடுங்கன்னு நீதானே சொன்னே?"