ஞாயிற்றுக்கிழமை நைஜீரியா

"அந்தப் பையன் இன்னைக்கும் சாப்பிட வர்றானா?"

"வர்றான். கூட இன்னொருத்தனும் வர்றான்" என்றாள் ரோஸ்லின், இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே.

அவள் புருஷன் ஆரோக்கியநாதன் பேப்பரை மடித்துக் கீழே போட்டார். "ஒரு ஓசிச் சாப்பாடு போதாதுன்னு துணைக்கு ஆளா? இந்தப் பசுந்தாங் பேட்டையில நாம குடித்தனம் நடத்துறோமா, மெஸ் நடத்துறோமா?"

"கரண்ட் போறதுக்குள்ள மிக்ஸியில பயறை அரைச்சாகணும். வழியில நிக்காதீங்க."

ரோஸ்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கு அவளுக்குப் பரீட்சை.

ரங்கூனில் அந்த வருஷம்தான் புதிதாகக் கால்பந்து லீக் தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட வந்தவர்களை எல்லாம் ஊரே நைஜீரியாக்காரர்கள் என்றுதான் சொல்லிற்று. அவர்களில் ஒருவன் கிசிட்டோ. ஒரு மாதம் முன்பு, இங்கிலீஷ் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"நைஜீரியாவா தம்பி?" என்று தன் கான்வென்ட் இங்கிலீஷில் கேட்டாள் ரோஸ்லின். அவன் சிரித்தான். "அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. உங்க ஊர்ச் சாப்பாடே போடுறேன்" என்று சொல்லிவிட்டு, நேரே கியாக்டடாவில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் போய்விட்டாள்.

சமையல் குறிப்புகளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தாள். எல்லாம் எண்ணெயில் மிதந்தது. வீட்டிலோ ஆரோக்கியநாதனுக்குக் கொழுப்பு. எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காக ரோஸ்லின் விட்டுவிடுவாளா? காராமணியை அரைத்துப் பொரித்தெடுக்கிற அக்காராவை, பர்மாக்காரர்கள் லின்மயாப் பணியாரம் சுடுகிற குழிச்சட்டியில் ரெண்டே சொட்டு எண்ணெயில் சுட்டாள். இலையில் கட்டி அவிக்கிற மொய்மொய் இட்லித் தட்டில் வெந்தது. தக்காளி ஜொலோஃப் சோற்றுக்குக் கைக்குத்தல் அரிசி. கிழங்கு மாவில் கிளறுகிற களியை ஓட்ஸில் கிளறினாள். தொட்டுக்கொள்ள, தர்பூசணி விதையை அரைத்துவிட்ட குழம்பு. அதில் எந்தக் கீரையைப் போடுவது என்று யோசித்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டாள். பிரமாதமாகச் சேர்ந்துகொண்டது.

மிளகாயை மட்டும் அவள் குறைக்கவில்லை. அதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லையே என்று தாராளமாகவே அள்ளிப் போட்டாள்.

முதல் ஞாயிறு கிசிட்டோ ரெண்டு வாய் சாப்பிட்டதுமே அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எப்படிப்பா இருக்கு? உங்க அம்மா சமையல் மாதிரி இருக்கா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். ரோஸ்லின் உருகிப்போனாள். "பாருங்க, பிள்ளைக்கு அம்மா நினைப்பு வந்திருச்சு" என்று புருஷனிடம் சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் நாலு மிளகாய் சேர்ந்தது. அவன் இன்னும் அழுதான், இன்னொரு தட்டும் சாப்பிட்டான்.

அந்தத் தெம்பில்தான் பங்குச் சாமியாரிடம் போய், கோயில் திருவிழாவில் நைஜீரியாச் சாப்பாட்டுக் கடை போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆரோக்கியநாதன்தான் ஊசி குத்தினார். "ஓசியில சாப்பிடுறவன் எதை நல்லா இல்லன்னு சொல்லுவான்? அவன் பேச்சை நம்பிக் கடை போட்டு, ஊர் சிரிக்கப் போகுது."

அது சுருக்கென்று தைத்தது. மறு ஞாயிறே கிசிட்டோவிடம் கேட்டாள், "உங்க நாட்டுக்காரன் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வாயேன். அவனும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

கிசிட்டோ ஏனோ தயங்கினான். அப்புறம், "சரி ஆன்ட்டி, எமேகாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்றான்.

இதோ, எமேகா வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு அக்காராவை எடுத்துக் கடித்தான். ரோஸ்லின் கரண்டியும் கையுமாக அவன் வாயையே பார்த்தாள். ஆரோக்கியநாதனும் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

எமேகா கண்ணை மூடி மென்றான். அப்புறம் மொய்மொய்யைப் பிட்டு வாயில் போட்டான். ஓட்ஸ் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்கினான்.

"ஆன்ட்டி, இவ்வளவு கொஞ்சமா எண்ணெய் விட்டு இந்த ருசியை எப்படிக் கொண்டுவந்தீங்க? எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னா நம்ப மாட்டாங்க. காரம்கூட அசல் எங்க வீட்டுக் காரம்."

ரோஸ்லினுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பூரிப்பில் கிசிட்டோவின் தட்டில் இன்னும் ரெண்டு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊரா எமேகா?"

எமேகாவின் கை பாதியில் நின்றது. "ஒரே ஊரா? இவன் உகாண்டாக்காரன் ஆன்ட்டி. எங்க நாடு அந்தக் கோடி, இவன் நாடு இந்தக் கோடி. வாழைக்காயை அவிச்சு மசிச்சுச் சாப்பிடுற ஆளு. மிளகாய்னாலே இவனுக்கு ஆகாது. இந்தச் சாப்பாட்டையெல்லாம் இவன் உங்க வீட்டுலதான் முதல் தடவையா சாப்பிட்டிருப்பான்."

கிசிட்டோ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரோஸ்லின் கையிலிருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏம்ப்பா, இத்தனை நாள்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து என்னைச் சாப்பிட வான்னு கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான் ஆன்ட்டி. நைஜீரியா இல்லன்னு தெரிஞ்சா மறுபடி கூப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு."