நல்ல பாம்பும் வெறும் கீரியும்

புற்றுக்குப் பக்கத்தில் அடைகாத்திருந்த கவுதாரி, முட்டைகளைக் குறிவைத்துப் படமெடுத்த பாம்பிடம், "விட்டுடுங்க, நல்லவரே" என்று கெஞ்சியது. அந்த வழியே வந்த கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவனா நல்லவன்?"

"ஊரே அப்படித்தான் சொல்லுது, நல்ல பாம்புன்னு" என்றது கவுதாரி.

பாம்பு இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. "எனக்குப் பால் வார்த்துக் கும்பிடுறாங்க. உனக்கு என்னடா பேரு?"

"வெறும் கீரிதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாம்பு கொத்தியது. கீரி விலகிக்கொண்டது. மறுபடி கொத்தியது, மண்தான் வாயில் ஒட்டியது. கொத்திக் கொத்திப் பாம்பு ஓய்ந்துபோனபோது, கீரி பாய்ந்து தலையைக் கவ்வியது.

கடைசித் துண்டையும் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு கீரி கவுதாரியைப் பார்த்தது.

"ஊர் சொன்னது சரிதான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாம்புதான்."