புஜ்ஜிக்குப் பாதி மாத்திரை

“அந்த மாத்திரையை மொதல்ல கீழ போடும்மா!”

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் போட்ட சத்தத்தில் சிவசங்கரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரை உருண்டு ஓடியது. மடியிலிருந்த புஜ்ஜி, கிடைத்த நேரத்தில் காதைச் சொறிந்துகொண்டது.

புத்தூரில் தையல் மிஷின் வைத்திருப்பவள் சிவசங்கரி. இரண்டு பிளவுஸ் ஆர்டரை அப்படியே போட்டுவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்திருந்தாள். கால்நடை கிளினிக்கின் முன்னறையில் அவரைத் தவிர வேறு யாருமில்லை.

“பத்து நாளா சொறிஞ்சிக்கினே கீது சார். கழுத்துல முடியே இல்ல. எங்க நைனா அரிப்புக்குப் போடற மாத்திரை இது. பாதிதான் குடுக்கலாம்னு...”

“பாதியும் வேணாம், காலும் வேணாம். மனுஷங்க மாத்திரை பூனைக்கு வெஷமாயிடும். எடை போட்டுப் பாத்து, அதுக்குன்னு கீற மருந்துதான் குடுக்கணும்.”

எழுந்து வந்தவர், குனிந்து புஜ்ஜியின் கழுத்தை முகர்ந்தார்.

“வேப்பெண்ணெயா?”

“நேத்து... கொஞ்சமாத்தான் தடவுனேன் சார்.”

“நக்கி நக்கி எல்லாம் வயித்துக்குப் போய்டும்மா! வாந்தி எடுக்கும். நுரை தள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது.” அவர் உள்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“அய்யோ! பக்கத்து வீட்டுல நாய்க்குப் போடற பூச்சிப் பவுடர் குடுத்தாங்க சார். அதையாவது...”

“அதைத் தொடவே தொடாத!” அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

பூனைக்காக இப்படித் துடிக்கிற டாக்டரை அவள் பார்த்ததே இல்லை.

“அப்போ இன்னாதான் சார் பண்றது?”

“நெருக்கமா பல்லு கீற சீப்பால வாரிப் பாரு. கருப்பா பொடி உதுந்தா தெள்ளுப்பூச்சி. சில பூனைக்கு ஒரு கடி போதும், ஒடம்பு பூரா அரிக்கும். அரிக்கிற எடத்துல ஈரத்துணி வை. தீனி எதுனா புதுசா மாத்தியிருந்தா அதையும் மறைக்காம சொல்லணும்.”

சிவசங்கரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சாமி மாதிரி காப்பாத்துனீங்க சார். இதெல்லாம் எத்தினி வருஷம் படிச்சீங்க?”

“நாலு நாளும்மா.”

அவளுக்குப் புரிவதற்குள் உள்கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஹரிதா, முன்னங்காலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு சாம்பல் நிறப் பூனையை அணைத்தபடி வந்தார்.

“விஜயராகவன் சார்! மாத்திரை, எண்ணெய், பவுடர்னு மூணையும் ஒரே நாள்ல போட்டும் உங்க பூனை நாலு நாள்ல பொழைச்சிக்கிச்சி. தூக்கிக்கினு வீட்டுக்குப் போங்க... தயவு செஞ்சி என் நாற்காலியை விட்டுட்டு!”