மூணு சொட்டு

"உனக்கு வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு தம்பி. நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார் பைலட்.

விமானம் எதுவும் ஓட்டியவர் இல்லை அவர். ஆபீஸில் மேப் வரைந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷத்துப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓட்டி வருவதால் அந்தப் பெயர். காரில் ரெண்டே சீட்டு. பக்கத்து சீட்டில் அவர் மனைவி, எதிலும் பட்டுக்கொள்ளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மறுபடியும் ஆயில் ஒழுகுதா சார்?" மெக்கானிக் நம்பாமல் கேட்டார்.

"தினம் காலையில மூணு சொட்டு. அடியில அட்டை போட்டு வச்சிருக்கேன். எண்ணிப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

தன் வண்டியைச் சர்வீஸுக்கு விட வந்திருந்த ஒருவர், மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார்.

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது.

முதல் தடவை கார் வந்தபோது ஒழுகல் நிஜம்தான். ஆயில் பம்ப்பைச் சுற்றி என்ஜினின் முன்பக்கமே நனைந்து கிடந்தது. ரேடியேட்டரை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தார். கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல், பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்தது. ஒட்டியிருந்த பழைய பேஸ்ட்டை நகம் தேயச் சுரண்டி, புது சீல் போட்டு, புது பேஸ்ட் தடவி, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஒரு நாள் காயவிட்டுத்தான் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது. மறுபடி பம்ப்பைக் கழற்றினார். எங்கேயும் ஈரம் இல்லை. மனசு கேட்காமல் இன்னொரு புது சீல் போட்டு அனுப்பினார்.

இது மூன்றாவது தடவை.

இந்த முறை காரை ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்பிலேயே நிறுத்தி வைத்தார். பம்ப்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி என்ஜினை ஓடவிட்டார். பவுடர் கொஞ்சமும் நனையாமல் போட்டது போட்டபடி இருந்தது. அடியில் விரித்த பேப்பரிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. நிம்மதியாக ஒப்படைத்தார்.

மறுநாள் காலையில் ஃபோன்.

"மூணு சொட்டு, தம்பி."

இங்கே ஒழுகாத கார் அங்கே போய் மட்டும் எப்படி ஒழுகும்? சாப்பிடும்போதும் பம்ப், குளிக்கும்போதும் பம்ப். வேறொரு வண்டியில் போல்ட்டை இறுக்கிவிட்டு, இறுக்கினோமா இல்லையா என்று மூன்று முறை திரும்பப் போய்ப் பார்த்தார்.

"என் கை போயிடுச்சோ என்னவோ. இனிமே என்ஜின் வேலையே எடுக்க வேண்டாம்னு பார்க்கிறேன்" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு முன்னாடி, அது சொட்டுறதைக் கண்ணால ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்" என்றாள் அவள்.

அதுவும் சரிதான் என்று, மறுநாள் விடிந்ததும் பைலட் வீட்டுக்குப் போனார். கார் ஷெட்டின் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே பைலட்டின் மனைவி தரையில் குந்தியிருந்தார். கையில் மூக்கு நீண்ட சின்ன எண்ணெய் டப்பா. காருக்கு அடியில் கையை நீட்டி, அட்டையின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டினார்.

மெக்கானிக்குக்குச் சுரீரென்றது. "ஏம்மா, என் பொழைப்புல மண்ணள்ளிப் போடவா இவ்வளவும்?"

அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்தார். உதட்டில் விரல் வைத்து, மெக்கானிக்கை வாசல் பக்கம் கூட்டி வந்தார்.

"மெதுவா பேசுங்க தம்பி, அவர் தூங்குறார். எங்க பையன் தவறிப்போய் ஒன்றரை வருஷம் ஆகுது. அப்புறம் இவர் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கார் ஒழுக ஆரம்பிச்சப்பதான் எழுந்தார். கோபப்பட்டார். உங்ககிட்ட வந்து பேசினார். நீங்க சரி பண்ணிக் கொடுத்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு, திரும்பப் போய்ப் படுத்துட்டார்னா?"

மெக்கானிக் திரும்பி, அட்டையில் இருந்த மூணு சொட்டையும் பார்த்தார்.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன், தப்புதான். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லலைம்மா."

அன்று மதியமே பைலட் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நடந்து, தனியாக.

மெக்கானிக் முந்திக்கொண்டார். "சார், தப்பு என்மேலதான். சீல் சரியா உட்காரலை. வண்டியைக் கொண்டு வாங்க, பம்ப்பை இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துடலாம்."

பைலட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில வீட்டுக்கு வந்திருந்தியே தம்பி. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பம்ப்பைத் தொடாதே. உன் வேலையில ஒரு குறையும் இல்லை. அட்டையில இருக்கிறது தையல் மெஷின் எண்ணெய். தொட்டுப் பார்த்த முதல் நாளே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா சார் என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"பக்கத்துல அவ இருந்தாளே. அவ காதுல விழணுமேன்னுதான். மனசுல வச்சுக்காதே."

பைலட் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையன் போனதுல இருந்து அவளும் கட்டிலை விட்டு இறங்கலை தம்பி. இப்ப தினமும் எனக்கு முன்னாடி எழுந்திரிக்கிறா. நீ பாட்டுக்கு ஒழுகல் நின்னுடுச்சுன்னு சொல்லிடாதே."